தெரு கழுவ வந்த தண்ணீர் லாரி

இன்று மயிலாப்பூரில் எங்கள் தெருவைப் பார்க்க வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். சுற்றுலா வளர்வதற்காக அரசாங்கச் செலவில் அழைத்து வந்திருக்கிறார்கள்.

அதற்கு முன்பே, தெருவைக் கழுவிவிட ஒரு தண்ணீர் லாரி வந்தது. எங்கள் குழாயில் ஒரு வாரமாக வெறும் காற்று. விடுவோமா? எல்லா வீட்டுக் குடங்களும் வரிசையில் நின்றுவிட்டன.

"இன்னாம்மா இது! ரோடு கழுவுற தண்ணிம்மா!" என்று கத்தினார் டிரைவர்.

"ரோடு ஒரு நாள் குளிக்காட்டா ஒண்ணும் ஆயிடாது. எங்காத்துல மூணு நாளா யாரும் குளிக்கலை" என்றாள் பக்கத்து வீட்டு மாமி.

அம்பாசிடர் கார்களில் வந்து இறங்கியவர்கள், கோபுரத்தை விட்டுவிட்டு எங்கள் பித்தளைக் குடங்களையே படம் பிடித்தார்கள். கூட வந்த அதிகாரி நெளிந்தார்.

மாமி அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்: "அடுத்தது எந்த தேசத்துக்காரா வரா? என்னிக்கு?"

உங்கள் தெருவுக்கு யாராவது வருவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குடத்தோடு வந்துவிடுகிறோம்.