பஸ்ஸுக்குப் பின்னால் போன வெள்ளைத் துணி

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பெரிய உத்தியோகம் கிடைத்தது. சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அது கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போது நான் உரக்க எண்ண வேண்டும். கீழே புளியமரத்தடியில் ‘ஒண்ணு’ என்று தொடங்கி, மேலே மடைக்கல் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். சித்தப்பாவிடம் கைக்கடிகாரம் கிடையாது, அதனால் நான்தான் கடிகாரம். இருபதுக்குள் ஏறிவிட்டால் வண்டி நன்றாக மூச்சு விடுகிறது என்று அர்த்தம். அதைத் தாண்டினால் மூக்கடைப்பு.

அது சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டி. சித்தப்பாவும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்தான். கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒன்பது மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வழியெல்லாம் முந்திரிக்காடு, மழை பெய்தால் செஞ்சேறு, பெய்யாவிட்டால் செம்புழுதி. காற்றில் வரும் தூசியை வெளியே நிறுத்திவிட்டு எஞ்சினுக்குள் காற்றை மட்டும் விடுகிற டப்பா ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். சித்தப்பா அதை ஏர் பில்டர் என்பார். வீட்டில் எல்லோருக்கும் அது வண்டியின் மூக்கு. எங்கள் வண்டிக்கு அந்த மூக்கு துருப்பிடித்து எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. மூக்கில்லாமலேயே அது நாலு வருஷம் ஓடியது, யாரும் கவலைப்படவில்லை.

முந்தின வருஷம் வைகாசி வரைக்கும்தான்.

அன்று விடிந்ததும் அம்மாவுக்கு வலி எடுத்தது. கந்தர்வக்கோட்டை நர்சம்மாவைக் கூட்டிவரச் சித்தப்பா வண்டியை உதைத்துக்கொண்டு போனார். மாட்டுவண்டி கட்டினால் போகவரப் பொழுது போய்விடும், மோட்டார் சைக்கிள் என்றால் ஒரு மணி நேரம். அப்பா வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தார். பாதி வழியில் முந்திரிக்காட்டுக்குள் வண்டி நின்றுவிட்டது. சித்தப்பா தள்ளிப் பார்த்து, உதைத்துப் பார்த்து, கடைசியில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியே போயிருக்கிறார். நர்சம்மா மாட்டுவண்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தம்பி அழாமலே பிறந்து, அழாமலே போய்விட்டான்.

எனக்குச் சொன்னது வேறு. இந்தத் தடவை தம்பி வரலையாம், அடுத்த தடவை வருவானாம். வெளியூர் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி. நானும் சரி என்று விளையாடப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அம்மா சித்தப்பாவோடு பேசவில்லை. ஒரு வார்த்தை வையவும் இல்லை. நேரத்துக்குச் சோறு போடுவாள், குழம்பை ஊற்றுவாள், உள்ளே போய்விடுவாள். ‘அண்ணி’ என்று சித்தப்பா ஒரே ஒரு நாள் ஆரம்பித்தார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், அவர் எழுந்து போய்விட்டார். வண்டி போடுகிற சத்தம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் கோபம் என்று நான் எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். தெருப் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லி வைத்தேன். பெரிய விஷயம் தெரிந்தவள் அல்லவா!

சித்தப்பா எஞ்சினைப் பிரித்து வாசலில் சாக்கு விரித்துப் போட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உள்ளே எங்கு தொட்டாலும் மிளகாய்ப்பொடி மாதிரி செம்மண். அவர் விரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே ஒரு பொட்டு மண்ணு உள்ள போவக்கூடாது” என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, வண்டியிடம் சொன்ன மாதிரியும் இருந்தது. தேய்ந்ததையெல்லாம் மாற்றி வண்டியை மறுபடி ஓட வைப்பதற்கே தை மாதம் ஆகிவிட்டது.

அந்த வண்டிக்கு உண்டான மூக்கு இந்த நாட்டிலேயே கிடைக்காது என்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சித்தப்பா விடவில்லை. வேறு வேறு வண்டிகளுக்கு என்று செய்து விற்கிற பில்டர்களை ஊர் ஊராகப் போய் வாங்கி வந்தார். திருச்சியில் ஒன்று, மதுரையில் ஒன்று, தஞ்சாவூரில் ஒன்று. மூன்றையும் பார்த்துவிட்டு அப்பா, “கழுதைக்குக் குதிரைச் சேணமாடா?” என்று சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை, தகரத்தை வளைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் செய்துகொண்டிருந்தார்.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சோதனை தொடங்கியது. முறை என்னவென்றால், பில்டரைத் தாண்டிக் காற்று எஞ்சினுக்குள் நுழைகிற இடத்தில், கம்பி வளையம் ஒன்றில் மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி வைப்பார். பில்டர் விட்டுவிட்ட தூசியெல்லாம் துணியில் வந்து உட்காரும். தூசிக்கு எங்கே போவது? எங்கள் ஊர் வழியாகப் போகிற காலைப் பஸ் இருந்ததே! ஊரே அந்தப் பஸ் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கும். நாங்கள் மட்டும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு மைல் போவோம். சித்தப்பா கண்ணை இடுக்கிக்கொள்வார், நான் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். பின்சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருநாள் கண்டக்டர் தலையை நீட்டி, “ஏப்பா, டிக்கெட் எடுக்கக் காசு இல்லைன்னா சொல்லு, புள்ளைய ஏத்திக்கிறேன்” என்று கத்தினார். திரும்பும்போது கண்மாய்க்கரை மேடு, என்னுடைய எண்ணிக்கை. வீட்டுக்கு வந்தால் நாங்கள் இரண்டு பேரும் சுட்ட செங்கல். அந்த லீவைப் போலச் சந்தோஷமான நாள் என் பிறப்பில் கிடையாது.

திருச்சிச் சாமான் உள்ளே வெறும் கம்பிச் சுருள். மேடு பதினாறில் ஏறியது, துணியைக் கழற்றினால் ஒரே சிவப்பு. “இதுக்கு மூக்கில்லாமலே இருக்கலாம்” என்று தூக்கி எறிந்தார். மதுரையில் வாங்கியது கம்பளி மாதிரித் தடித்த துணி திணித்தது. அதில் தூசி நுழையவில்லை, காற்றும் நுழையவில்லை. நான் முப்பத்தொன்று எண்ணும்போது மேட்டின் நடுவில் கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி படுத்துவிட்டது. ஒரே நாள் பார்த்துவிட்டு அவர் முடிவுசெய்ய மாட்டார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள், ஐந்து துணி. அத்தனையையும் கொடியில் வரிசையாக மாட்டி வைப்பார்.

கடைசி, தஞ்சாவூரில் வாங்கியது. அடியில் ஒரு கிண்ணம், அதில் எண்ணெய். காற்று எண்ணெயைத் தொட்டுத் திரும்பும்போது தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளுமாம். முதல் நாள் மேடு பத்தொன்பதில் ஏறியது. வீட்டுக்கு வந்து வளையத்தைக் கழற்றி ஆட்டுக்கல் மேல் வைத்தார் சித்தப்பா. அவர் கண்ணெல்லாம் புழுதி. “தொடாத, மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்” என்று கிணற்றடிக்குப் போனார்.

நான் எட்டிப் பார்த்தேன். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது.

மூக்கு கிடைத்துவிட்டால் சோதனை எதற்கு? பஸ் எதற்கு? நான் எதற்கு? பக்கத்திலேயே புடலைப் பந்தல். கண்மாய் வண்டல் கொண்டுவந்து கொட்டிய பாத்தி. விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துத் துணியில் நன்றாகத் தேய்த்து, மிச்சத்தை ஊதிவிட்டு, ஒன்றும் அறியாத பூனையாக நின்றுகொண்டேன். ரோட்டுமண் சிவப்பு, வண்டல் கறுப்பு என்பதுகூட அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. திருட்டுக்கும் கொஞ்சம் படிப்பு வேண்டியிருக்கிறது.

சித்தப்பா வந்தார். துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கறுப்பாக இருந்ததால் அவருக்கு வேறு சந்தேகம் வந்தது. கிண்ணத்து எண்ணெயை வண்டி உறிஞ்சுகிறது, எண்ணெயோடு அழுக்கும் உள்ளே போகிறது என்று நினைத்துவிட்டார். ஐந்து நாள் பார்க்கிற மனுஷர் இரண்டாவது நாளுக்குக் காத்திருக்கவில்லை. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து, வாசலில் நின்ற அப்பாவிடம் சொன்னார்:

“இதும் ஆவலைண்ணே. அண்ணிய இப்பவே புதுக்கோட்டையில ஆஸ்பத்திரி பக்கமா யாரு வீட்டுலயாவது கொண்டுபோயி விட்டுருங்க. என்னைய நம்ப வேணாம்.”

அம்மா அப்போது ஏழு மாதம். அதற்கும் மோட்டார் சைக்கிள் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. சித்தப்பாவின் குரல் உடைந்தது மட்டும் காதில் விழுந்தது. பயமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, நாளைக்கும் பஸ் உண்டு என்ற நினைப்பு.

மத்தியானம் சோறு போடும்போது அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நகத்தைப் பார்த்தாள், நகக்கண்ணில் கறுப்பு. பிறகு பின்வாசல் வழியாகப் புடலைப் பாத்தியைப் பார்த்தாள். முதுகில் நாலு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. அம்மா எழுந்து போய்த் தகரப்பெட்டியைத் திறந்தாள்.

அடியிலிருந்து அவள் எடுத்த துணி எனக்குத் தெரிந்ததுதான். பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்குப் புதுத்துணி வாங்குவது எங்கள் பக்கம் ஆகாது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, அலசி அலசிக் காயவைத்துப் பஞ்சாக்கி வைப்பார்கள். முந்தின வருஷம் கிழிக்கும்போது மறுமுனையைப் பிடித்தவளே நான்தான்.

சித்தப்பா ஸ்பானரை எடுத்துத் தஞ்சாவூர் மூக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா வாசற்படியில் நின்று, “தம்பி, கழட்டாதீங்க” என்றாள்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு. சித்தப்பா ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

“நாளைக்கு இந்தத் துணியக் கட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. வந்தொடனே எங்கையில கொண்டாந்து குடுங்க. இவ வர வேணாம்.”

“சரிங்க அண்ணி” என்றார். துணியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் தரையில் விழுந்து புரண்டேன். நான் இல்லாமல் யார் எண்ணுவார்கள் என்று கூப்பாடு போட்டேன். “ஒங்க சித்தப்பாவுக்கு எண்ணத் தெரியும்டி” என்றாள் அம்மா. அடடா, அந்தச் சந்தேகமே எனக்கு அதுவரை வந்ததில்லை.

மறுநாள் அவர் தனியாகப் போனார். நான் வாசல் தூணைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பஸ் போன புழுதி அடங்கி வெகுநேரம் கழித்து வண்டி வந்தது. மண்ணாலேயே செய்த மனுஷராக இறங்கி, முகம்கூடக் கழுவாமல், வளையத்தை அப்படியே கொண்டுவந்து நீட்டினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், விரலால் தடவி விரலைப் பார்த்தாள். பிறகு வளையத்திலிருந்து துணியை உருவி, நாலாக மடித்து, உள்ளே போய்ப் பழையபடி பெட்டியில் வைத்து மூடினாள்.

“மூஞ்சியக் கழுவிட்டு வாங்க தம்பி, சாப்புடலாம்” என்றாள். சித்தப்பா கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வீட்டுத் துணியை இரண்டு தண்ணீர் அலசாமல் உடுத்த விடாதவள், எஞ்சின் வாயில் கட்டிய துணியைத் துவைக்காமல் பெட்டிக்குள் வைக்கிறாளே! “அழுக்குத் துணியப் போயி உள்ள வைக்கிறியேம்மா!” என்றேன்.

“அழுக்கு எங்கடி இருக்கு?” என்றாள்.

ஆனி மாதம் ஒரு காலையில் சித்தப்பா வண்டியை உதைத்துக்கொண்டு போனார். அப்பா தெருமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் வண்டி திரும்பிவிட்டது என்று பிற்பாடு கேலி செய்வார்கள். நர்சம்மா ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் உயிருமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தம்பி பிறந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். துணி எடுத்து வா என்று நர்சம்மா என்னை அனுப்பினார். தகரப்பெட்டியைத் திறந்தேன். மேலேயே அந்தத் துணி இருந்தது, நடுவில் கம்பி வளையம் அழுத்திய வட்டத் தடம் இன்னும் தெரிந்தது. இது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து வேறொன்றை உருவிக்கொண்டு போனேன். அம்மா படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்து, “அது இல்லடி. அந்தத் துணியக் கொண்டா” என்றாள்.

என் தம்பியை மோட்டார் சைக்கிள் மூக்குத் துணியில் சுற்றினார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அம்மா காதிலும் விழுந்திருக்கும். அவள் ஒருநாளும் என்னைத் திருத்தவில்லை.