வால் பூசாத நாய்

கிரைண்டர் வந்துவிட்டது. இட்லி பஞ்சு மாதிரி வந்தது. பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் கடைசி வரைக்கும் கிரைண்டர் என்ன ஆயிற்று என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நான் சொல்ல வந்தது கிரைண்டரைப் பற்றி அல்ல, ஒரு நாயைப் பற்றி.

அப்போது நான் விருத்தாசலத்தில் எம்.பி.ஏ. முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி பஸ் போகிற வழியில் பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்று இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைகள், இருந்தும் கூடவே வைத்து வளர்க்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். எங்கள் வகுப்பில் சிலர் சனிக்கிழமைகளில் அங்கே போய்க் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தோம். போன முதல் வாரமே ஒன்று புரிந்துவிட்டது. அவர்களுக்கு எங்கள் இங்கிலீஷை விட இட்லிதான் அவசரம். இல்லத்து கிரைண்டர் கெட்டுப்போய், காலையில் உப்புமா, மறுநாள் காலையிலும் உப்புமா என்று ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, நீங்க இன்னிக்கி என்னா சாப்ட்டீங்க?" என்று ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் தனித்தனியாகக் கேட்டது. தோசை என்று சொல்ல வாய் வரவில்லை. பொங்கல் என்று பொய் சொன்னேன். அதற்கும் பெருமூச்சு விட்டார்கள்.

ஆளாளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கிரைண்டரை வாங்கிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்வதற்கு நாங்கள் எதற்கு எம்.பி.ஏ. படிக்க வேண்டும்? ஒரு தொழில் நடத்தி, அதில் வரும் லாபத்தில்தான் வாங்குவது என்று முடிவானது. செராமிக் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலத்தில் இருந்துகொண்டு வேறு என்ன தொழில்? பொம்மை வாங்கி, பிள்ளைகளை வண்ணம் பூச வைத்து, மாசி மகத் திருவிழாவில் கடை போடுவது.

வண்ணம் பூசாத பிள்ளையாரும் யானையும் கிடைக்கும் என்று நம்பித்தான் ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் போனோம். அதன் முதலாளி நல்ல மனுஷர். பிள்ளைகளுக்கு என்றதும் காசே வேண்டாம் என்றார். ஆனால் அவரிடம் அப்போது மிச்சம் இருந்தது நாய்தான். உட்கார்ந்திருக்கும் நாய். சுட்டு எடுத்த வெள்ளை நாய்கள், ஒரே அச்சில் வார்த்தவை, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக. எல்லாம் ஒரே பக்கம் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தன.

"சும்மா கெடைக்கறப்ப யானை என்னா, நாயி என்னா," என்றான் என் வகுப்புத் தோழன். மங்கலம்பேட்டைக்காரன். அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவான். மழைக்காலத்தில் குளிர்கண்ணாடி விற்கச் சொன்னாலும் விற்றுவிட்டு வருவான். அதனால் விற்பனைப் பொறுப்பு அவனுக்கு. தரம் பார்க்கிற பொறுப்பையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். நான் குழுத் தலைவி. எனக்கு எல்லோரையும் அதட்டுகிற வேலை. அது எனக்குப் பிறவியிலேயே வரும்.

அவன் ஒரு நாய்க்கு அழகாகப் பழுப்பு அடித்து, முதுகில் வெள்ளைத் திட்டு வைத்து, கழுத்தில் சிவப்புப் பட்டை போட்டு, வாலில் கறுப்பு நுனி வைத்து பிள்ளைகள் முன்னால் நிறுத்தினான். இதுதான் மாதிரி, எல்லோரும் இதைப் பார்த்துப் பூச வேண்டும், ஒன்றைப் போலவே மற்றொன்று இருந்தால்தான் கடைக்கு மதிப்பு என்று பாடம் நடத்தினான். வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே அங்கே இறக்கினான். பிள்ளைகளும் தலையாட்டிவிட்டு மூக்கில், முழங்கையில், தரையில், கொஞ்சம் நாய் மீதும் பெயின்ட் பூசினார்கள். மாதிரியோடு ஒத்துப்போனதை அவன் ஒரு பக்கம் வைத்தான். ஒத்துப்போகாததைச் 'செகண்ட்ஸ்' என்று எழுதிய பெட்டியில் போட்டான்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வாயாடி. எதையும் ஓட்டமாகத்தான் செய்வாள். அவள் நாயின் இடது காதுக்கு மட்டும் கறுப்பு அடித்திருந்தாள். மாதிரியில் கறுப்புக் காது கிடையாது. முன்பக்கம் எல்லாம் பூசியவள், பின்பக்கம் வந்தபோது வெளியே பாண்டி ஆடக் கூப்பிட்டார்கள் என்று அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். வால் வெள்ளையாகவே நின்றது.

திருவிழா அன்று காலையில் தேரோடும் வீதியில் ஒரு பந்தலுக்குக் கீழே கடை போட்டோம். கடை முழுக்க நாய். இந்தப் பக்கம் வளையல் கடை, அந்தப் பக்கம் பஞ்சுமிட்டாய். நடுவில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் எங்கள் நாய்களைப் பார்த்து ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களை நம் ஆள் விடுவானா? "வாசல்ல வைங்கக்கா. சோறு போட வேணாம், ஊசி போட வேணாம், பக்கத்து வூட்டுக்காரங்களக் கடிக்காது," என்று ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். ஆற்றில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு வந்தவர்கள்கூட ஆளுக்கொரு நாயோடு போனார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வெளியே காட்டிக்கொள்ளாமல் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தேன்.

இல்லத்து வார்டன் அம்மா பிள்ளைகளைக் கடைக்கு அழைத்து வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அந்த வாயாடி நேராக என்னிடம் வந்து, என் காதை இழுத்துக் குனிய வைத்தாள்.

"அக்கா, எங்கம்மா இன்னிக்கி வருது. போன்ல சொல்லிட்டேன். கடையில எந்த நாயி நான் போட்டதுன்னு அதுவே கண்டுபுடிக்கணும். நீங்க யாரும் சொல்லக் கூடாது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, வீட்டு ஆட்கள் பார்க்க வரும் நாள். அன்று பிள்ளைகள் எல்லோரும் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றுகொள்வார்கள். ஒரே நீலச் சீருடை, ஒரே எண்ணெய்த் தலை, ஒரே ரெட்டைப் பின்னல். வந்தவர்கள் முதுகைப் பார்த்தே தங்கள் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும். மாமாக்களும் சித்திகளும் யாரோ ஒரு பிள்ளையைத் தொட்டுவிட்டு அசடு வழிவார்கள். இல்லமே சிரிப்பில் அதிரும். இந்தப் பெண்ணின் அம்மா மட்டும் தவறியதே இல்லை. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்களோடு ஊர் ஊராகப் போகிறவர். புருஷன் இல்லை. பிள்ளையைக் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தால் படிப்பு போய்விடும் என்று இங்கே சேர்த்திருக்கிறார். நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவர், நடையைக்கூட நிறுத்தாமல் நேராகப் போய் மகளின் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"எங்கம்மா தப்பே பண்ணாது," என்று அவள் மற்ற பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, அது இல்லத்தில் ஒரு சட்டம் மாதிரியே ஆகிவிட்டிருந்தது. அன்று பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்க்கத்தான் கடையைச் சுற்றி நின்றார்கள்.

நான் வரிசைகளில் தேடினேன். கறுப்புக் காது எங்கும் இல்லை. செகண்ட்ஸ் பெட்டியில் இருக்கும் என்று மேசைக்குக் கீழே குனிந்தேன். பெட்டியே இல்லை.

"டேய், அந்தப் பெட்டி எங்கடா?"

"வித்துட்டேன்." அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "கருவேப்பிலங்குறிச்சியில இருந்து ஒருத்தர் வந்தாரு. பேரப் புள்ளைக்கிக் காதுகுத்தாம். வர்ற புள்ளைங்களுக்குக் குடுக்கலாம் எடுத்துக்கங்கன்னேன். பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டாரு. கழிச்சுப் போட்டதையும் வித்தேன் பாத்தியா?"

அவனை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. பஞ்சுமிட்டாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் தொங்கிவிட்டது. வாங்குகிறவர்களின் போன் நம்பரை எல்லாம் வாங்கி வைக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. உடனே போன் போட்டான். அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

"நல்லா இருக்குது தம்பி நாயி எல்லாம். புள்ளைங்க அப்பவே பிச்சிக்கிட்டுப் போயிட்டுதுங்க. இன்னும் இருக்குதா?"

அவன் போனை வைத்தான். பிறகு அவனுக்குள் இருந்த எம்.பி.ஏ. விழித்துக்கொண்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பெயின்டோடு கொண்டுவந்திருந்த வெள்ளை நாய்களில் ஒன்றை எடுத்து மளமளவென்று பூசினான். பழுப்பு, வெள்ளைத் திட்டு, சிவப்புப் பட்டை, வால் நுனி, இடது காது கறுப்பு. கைவேலை சுத்தம் அவனுக்கு. காகித விசிறியால் விசிறிக் காய வைத்து முன் வரிசையில் நடுவில் வைத்தான். நானும் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் வேறு வழி தோன்றவில்லை.

வாயாடி வந்தாள், பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள். "இது என்னுது இல்ல."

உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அழவில்லை. அந்தப் போலி நாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "எங்கம்மா இதத் தொட்டுடுச்சின்னா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாய் போனது அவளுக்குப் பெரிதில்லை. அம்மா முதல் தடவையாகத் தவறப் போகிறது, அதுவும் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கத் தவறப் போகிறது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாங்களே அதற்கு வசதியாக முன் வரிசையில் ஒரு பொறி வைத்திருந்தோம். எடுத்து ஒளித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். "அம்மா வந்துடுச்சி," என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் ஒரு மஞ்சள் பை. கையில் கரும்புத் தோகை கிழித்த கீறல்கள். மகளைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, பேசவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றையும் தொடவில்லை. முன் வரிசைக்கு வந்தார். கறுப்புக் காதைப் பார்த்ததும் நின்றார். கையில் எடுத்தார்.

என் பக்கத்தில் நின்ற அவள் என் துப்பட்டாவைக் கசக்கிப் பிடித்தாள். நம் விற்பனைப் புலி வாயைத் திறக்காமல் நின்றதை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

அம்மா நாயைத் திருப்பினார். பின்பக்கம் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். மறுபடியும் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இப்போது நாய்களின் முதுகுப் பக்கமாக.

"இதுல எம்பொண்ணு போட்டது இல்ல," என்றார்.

என் துப்பட்டா விடுபட்டது. அவள் ஒரே ஓட்டமாகப் போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்திய கத்தலில் வளையல் கடைக்காரம்மா எழுந்து வந்து என்னம்மா என்று விசாரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

என் தோழனுக்குத்தான் ஆறவில்லை. தன் வேலையில் குறை கண்டுவிட்டார்களே. "எப்பிடிம்மா கண்டுபுடிச்சீங்க? காதெல்லாம் சரியாத்தான இருந்துது?"

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி," என்றார் அம்மா. "எங்க வூட்டுல இருந்த நாயிக்கும் அப்பிடித்தான் ஒத்தக் காது கறுப்பு. ஆனா இவ ஒரு வேலையையும் முழுசா முடிக்க மாட்டா. பாதி சோத்துல எழுந்துருவா, பாதி ஜடையில ஓடிருவா. இவ போட்டிருந்தா வாலு பூசாமத்தான் நிக்கும். இங்க எல்லாத்துக்கும் வாலு பூசியிருக்குது."

அவன் என்னைப் பார்த்தான். காது மாறியிருக்கிறது, வால் பூசவில்லை என்றுதான் அவளுடைய நாயைச் செகண்ட்ஸ் பெட்டியில் போட்டிருந்தான். அதை வருஷக் கணக்கில் அவனிடம் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னோம். கருவேப்பிலங்குறிச்சிக்கு நானே பஸ் ஏறிப் போய், எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்று தேடிக் கொண்டுவருகிறேன் என்றேன். அம்மா சிரித்தார். "வேணாங்க. காதுகுத்து வூட்டுல ஒரு புள்ளை வெச்சி வெளையாடட்டும். இவ இன்னொண்ணு போட்டுக் குடுப்பா. கையிதான இருக்குது."

ஒரு வெள்ளை நாய் மிச்சம் இருந்தது. அவள் மேசைக்குப் பின்னால் அம்மாவின் மடியிலேயே உட்கார்ந்து பூசினாள். அம்மா ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எங்களுக்கெல்லாம் மஞ்சள் பையிலிருந்து கரும்புத் துண்டு எடுத்துக் கொடுத்தார். கரும்பைக் கடித்துக்கொண்டே வியாபாரம் பார்த்தோம். என் தோழன் பழைய குரலுக்குத் திரும்பி, "வாசல்ல வைங்கண்ணே," என்று ஆரம்பித்துவிட்டான்.

பெண்ணாடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா எழுந்தார். இடது காது கறுப்பு, சிவப்புப் பட்டை, எல்லாம் பூசியாகிவிட்டது. வால் மட்டும் வெள்ளை. இந்தத் தடவை பாண்டி ஆட யாரும் கூப்பிடவில்லை. பிரஷ் அவள் கையில்தான் இருந்தது, பெயின்டும் இருந்தது.

"பாப்பா, வாலு பாக்கி. குடு, ஒரு நிமிஷத்துல அடிச்சிக் குடுக்கறேன்," என்று அவன் கையை நீட்டினான்.

அவள் நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேணாண்ணா. வாலு பூசிட்டா எங்கம்மாவுக்கு நான்னு தெரியாது."

அம்மா அதை வாங்கித் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க," என்று எங்களிடம் சொல்லிவிட்டு, மகளின் பின்னலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனார். நான் பிரஷ்ஷை வாங்கிக் கழுவி வைத்தேன்.