மடிப்புக்கு ஒரு வார்த்தை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே அளவுகோல்தான். படுக்கை விரிப்பை அவள் மடித்தால் நான்கு முனையும் நூல் பிடித்த மாதிரி உட்காரும். வாயும் அப்படித்தான், வளைந்து கொடுக்காது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பரீட்சை என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தேற வேண்டும்.

புருஷன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தெருவின் ஒவ்வொரு வளைவும் கைக்குத் தெரியும். அந்த மனுஷன் ஒருநாள் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்ப வழி தெரியாமல், துணி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே காலெடுத்து வைக்கப் பார்த்தார்.

விரிப்பின் எதிர்முனை பிடிக்கிறவள்தான் செய்தி கொண்டுவந்தாள். "அக்கா, மூணாவது மாடியில மறதிக்குப் புது மாத்திரையாம். ஏதோ இலையில இருந்து எடுத்ததாம். தின்னு பாக்க ஆள் தேடறாங்க."

"ஆடு தொடாத இலையா பாத்துப் பறிச்சிருப்பாங்க," என்றாள் அளவுகோல். மறுநாளே புருஷனுக்குச் சட்டை மாட்டி அழைத்துப் போனாள்.

டாக்டர் சின்னப் பெண். எதையும் மறைக்கவில்லை. "எலிங்களுக்கு நல்லா கேட்டிருக்கும்மா. மனுஷங்களுக்குக் கேக்குமான்னு இனிமேதான் பாக்கணும். மறதிக்கு ஏற்கெனவே இருக்கற ஒரு மாத்திரை பூச்செடிக் கிழங்குல இருந்து வந்ததுதான். அதுவும் நோயை நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்."

"அந்தக் கொஞ்சம் போதும்."

டாக்டர் அவரிடம் மூன்று வார்த்தை சொன்னாள்: சாவி, நாற்காலி, பூனை. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்துட்டு, சேக்கலாமான்னு முடிவு பண்றோம்மா."

தேறினால்தான் மருந்து என்று அளவுகோல் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் விரிப்பின் இரண்டு முனையை அவர் கையில் திணித்தாள். முதல் மடிப்புக்குச் சாவி. இரண்டாவதுக்கு நாற்காலி. மூன்றாவதுக்குப் பூனை. பிரித்து மறுபடி மடிப்பாள். தப்பினால் விரிப்பை வெடுக்கென்று இழுப்பாள்.

"ஒரு பஸ் ஜனத்த ஏத்தி இறக்குன மனுஷன், மூணு வார்த்தைய ஏத்த முடியலையா?"

"மூணும் டிக்கெட் எடுக்கலம்மா. இறக்கி விட்டுட்டேன்."

சிரித்திருக்கலாம். அவள் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மூன்றாவது மடிப்பில் அவர் நின்றார். கண் பழைய கண்ணாக இருந்தது. "இந்தாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல பூனையச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "பூனை," என்றார்.

பரீட்சையில் கேட்பதற்கு முன்னமே மூன்றையும் சொன்னார். அவள் உருப்போட வைத்த கிழமை, மாசம் எல்லாம் சொன்னார். டாக்டர் தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள்.

"நல்லா இருக்காரேம்மா! இவ்வளவு மார்க் வாங்கினா சேக்க முடியாது. இது மறதி உள்ளவங்களுக்கு."

அளவுகோலுக்கு முகம் செத்துப்போயிற்று. "நான்தான் சொல்லிக்குடுத்தேன் டாக்டரம்மா. அவருக்கு ஒண்ணும் தெரியாது. வேற கேளுங்க. நான் யாருன்னு கேளுங்க."

கேட்டாள். அவர் மரியாதையாகச் சொன்னார்: "இவங்க துணி மடிக்கறவங்க. நல்ல மாதிரி."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். பதிந்ததை மாற்ற முடியாது, விடையை உருப்போட்டவரை மறுபடி சோதிக்கவும் முடியாது என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து டாக்டரே சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்தாள். இலை மாத்திரை தின்றவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை தின்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லையாம். "உங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அஞ்சாம் நாள் போச்சே," என்றாள் அளவுகோல். டாக்டருக்குப் புரியவில்லை.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள், அவர் நனைத்திருந்த விரிப்பை உருவிவிட்டு வேறொன்று எடுத்தாள். பழக்கதோஷம், இரண்டு முனையை அவர் கையில் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, அன்னைக்கு ஏதோ சொல்லணும்னீங்களே. என்னங்க அது? இப்பச் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். உதடு அசைந்தது. அவள் விரிப்பை இழுக்காமல் நின்றாள்.

"சாவி," என்றார். சரியா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரிங்க," என்றாள். "சரியாச் சொன்னீங்க."