ஏழு மணி ரிங் கட்

மாலை ஏழு மணிக்குக் குணேஸ்வரியின் கைத்தொலைபேசி ஒரு தரம் அடித்து ஓய வேண்டும். அன்று இரண்டாம் தரமும் அடித்தது. பாண் துண்டைப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாம் தரம் அடித்தபோதும் எடுக்கவில்லை. திரியாயிலிருந்து தங்கை சிவாஜினி அடித்தால் எடுப்பதில்லை என்பது இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. மணி நிற்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகே இடக்கையால் எடுத்துக் காதில் வைத்தார். பேசியது தங்கையின் கணவர் சோமசேகரம். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப்போன இடத்தில் சிவாஜினி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். மாரடைப்பாம். குணேஸ்வரி கேட்டது ஒன்றே ஒன்று.

"குளிசை போட்டவளோ?"

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவில், தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம் அவருடையது. மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பஸ் ஏறுகிறவர்கள் காலையில் வண்டிகளை விட்டுவிட்டுப் போவார்கள். இலக்கம் அடித்த தகரத் துண்டுகளில் ஒன்று வண்டியில் தொங்கும், மற்றது ஆளின் கையில் போகும். மாலையில் அவர் அந்தத் துண்டைப் பார்ப்பதே இல்லை. ஆள் வாசலில் தெரிந்ததும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். மனிதர்களின் பெயர்கள் அவருக்கு நிற்காது. சங்கிலி கழன்ற டீச்சர், மணி இல்லாத ஐயா, சீற் கிழிஞ்ச தம்பி என்றுதான் ஊரை அறிவார். மூதூரில் வேலை பார்க்கும் பாஹிமுக்கு வைத்த பெயர் மட்காட். காரணம் கேட்ட அவனிடமே சொல்லியிருக்கிறார்: "பின் மட்காட்டும் ஆடுது, ஆளும் ஆடித்தான் வாறீர்."

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வருடத்தில், ஒருவருக்குப் பின் ஒருவராகக் கண்டுபிடிக்கப்பட்டது. குணேஸ்வரி அதை வண்டிகளைப் போலவே எடுத்துக்கொண்டார்: வந்துவிட்டது, இனிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் கடதாசி உறையில் கொடுக்கும் மருந்துக் குளிசைகளில் இரவுக்குரியதைச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவார். "கண்ணுக்கு முன்னால கிடந்தாத்தான் அது குளிசை. உறைக்குள்ள கிடந்தா வெறும் கடதாசி." கிளினிக்குக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றை விட்டு, இரத்தப் பரிசோதனையில் நல்ல பெயர் வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "டொக்டரை ஏமாத்தலாம். காலில வாற புண்ணை ஏமாத்த ஏலாது." தேநீருக்குச் சீனி இல்லை. மயக்கம் வந்தால் வாயில் போடச் சொன்ன டொபி இரண்டு இடுப்புப் பையில் எப்போதும் இருக்கும். மயக்கம் இதுவரை வந்ததில்லை. டொபி மட்டும் அடிக்கடி முடிந்துபோகும்.

சிவாஜினி அப்படியல்ல. குளிசை வயிற்றைப் பிரட்டுகிறது, வாயெல்லாம் இரும்பு கைக்கிறது என்பார். சீனிக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு மரக்கோப்பை வாங்கி, இரவில் அதில் தண்ணீர் ஊற்றி வைத்து விடியக் குடித்தார். குணேஸ்வரி திரியாய்க்குப் போய் ஒரு பகல் முழுக்கச் சண்டை பிடித்துவிட்டு, திரும்பும்போது இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு வந்தார். ஏழு மணிக்கு இரவுக் குளிசையைப் போட்டால் ஒரு ரிங் அடித்துக் கட் பண்ண வேண்டும். "போட்டா அடி. போடாட்டி அடியாதை."

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் ஏழு மணிக்கு ரிங் வந்தது. அது வந்த பிறகே குணேஸ்வரி மூடியில் கிடக்கும் தன் குளிசையை எடுத்து விழுங்குவார், திருப்பி ஒரு ரிங் கொடுப்பார். எடுத்து இரண்டு வார்த்தை பேசினால் என்ன என்று கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது. "கதைச்சா சண்டை வரும். ரிங்கில சண்டை இல்லை."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், குணேஸ்வரி திரியாய் வீட்டில் தங்கையின் சேலைகளை எடுத்து அடுக்குவதற்காக அலுமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில், விரிப்புகளுக்குப் பின்னால், பெரிய பால்மாத் தகரப் பேணி ஒன்று இருந்தது. தூக்கியபோது உள்ளே ஏதோ சரசரத்தது. மூடியைத் திறந்தார். எல்லாம் கிளினிக் உறைகள். மருந்து கொடுத்தவர் மடித்த மடிப்புக் கூட அவிழவில்லை. அடியில் இருந்தவற்றில் குளிசைகள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன.

சோமசேகரம் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். பேணியைப் பார்த்ததும் தலை குனிந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று குணேஸ்வரி கேட்டார்.

"தெரியும் அக்கா. வயித்தைப் பிரட்டுதெண்டு விட்டிட்டா. ஆனா ஏழு மணியெண்டா சரியா அடிப்பா. 'ரிங் போகாட்டி அக்கா நித்திரை கொள்ளமாட்டா' எண்டுவா."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"ஓம்," என்றார் சோமசேகரம்.

குணேஸ்வரி பேணியை மூடினார். பஸ்ஸில் திருகோணமலை வரும்வரை அது மடியில் இருந்தது. இரண்டு கைகளாலும் மூடியை அழுத்திப் பிடித்திருந்தார். இப்போது அது சைக்கிள் நிறுத்தத்தின் வாங்குப் பலகைக்குக் கீழே, காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. எறியவுமில்லை, திறக்கவுமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு சோமசேகரம் மெலிந்தார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். துக்கம் என்று ஊர் சொன்னது. குணேஸ்வரி நம்பவில்லை. இழுத்துக்கொண்டு போய் இரத்தம் சோதிக்க வைத்தார். சீனிதான். கிளினிக்கில் கொடுத்ததும் அதே குளிசைதான். அவரும் வயிற்றைப் பிரட்டுகிறது என்று அதே முறைப்பாட்டைச் சொன்னபோதுதான் குணேஸ்வரி தாதியிடம் விசாரித்தார். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பலருக்கும் பிரட்டல் குறையும், குறையாவிட்டால் டொக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார் என்று தாதி சொன்னார். அவ்வளவுதான். தங்கைக்காக அதைக் கேட்க அவருக்குத் தேவை ஏற்பட்டதில்லை. மணிதான் தவறாமல் அடித்துக்கொண்டிருந்ததே.

இப்போது ரிங் கட் இல்லை. ஏழு மணிக்குக் குணேஸ்வரியே அழைப்பார், சோமசேகரம் எடுக்க வேண்டும். முதலில் என்ன சாப்பாடு என்று சொல்ல வேண்டும். பிறகு போனைத் தொண்டைக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். "ரிங் ஆரும் அடிக்கலாம். முழுங்கிற சத்தம் எனக்குக் கேக்கவேணும்" என்பது சட்டம். கடைசி பஸ்ஸில் வருகிறவர்கள் வண்டிக்காகக் காத்து நின்று இதைக் கேட்டுப் பழகிவிட்டார்கள்.

போன கிழமை ஒரு மாலை பாஹிம் வந்தபோது அழைப்பு நடந்துகொண்டிருந்தது. குணேஸ்வரி ஒரு கையால் அவனை நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது தண்ணி போன சத்தம். குளிசை போகேல்லை. இன்னொரு மிடறு குடியுங்கோ."

பாஹிம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். அவர் திருப்தியோடு தலையாட்டி அழைப்பைத் துண்டித்தார். வாங்கில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மூடியில் குளிசை கிடந்தது.

"அவர்ர குளிசை போயிட்டுது," என்றான் பாஹிம். "உங்கட குளிசைய ஆர் அக்கா கேக்கிற?"

குணேஸ்வரி அவனுடைய வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். "முதல்ல மட்காட்டை இறுக்கும்," என்றார்.

அது ஆடும் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அவர் வாங்கில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, திரை மேலே தெரியும்படி மூடிக்குப் பக்கத்தில் வைத்தார். அது ஒரு தரம் அடித்து ஓயும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கேற்றுக்குச் சங்கிலி போட எழும்பியபோதும் குளிசை மூடியில்தான் கிடந்தது.