பட்டாணி பறிக்கும்வரை

மாமாவோடு இனி வாழ முடியாது என்று சொல்லிவிட்டு, ஹாமில்டனிலிருந்து பஸ் ஏறி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. நாங்கள் அப்போது சான்ட்ரிங்ஹாமில் வாடகைக்கு இருந்தோம். அத்தைக்கு என் அறையில்தான் இடம் கிடைத்தது. அப்பாவுக்குத் தங்கை மேல் பாசம் உண்டு; ஆனால் கடல் தாண்டி ஊரிலிருந்து தினமும் வந்த சொந்தக்காரர்களின் போன்களுக்குப் பதில் சொல்லும் தெம்பு இல்லை. குடும்பம் என்றால் நாலும் இருக்கும், திரும்பிப் போய்விடு என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வாயே திறக்கமாட்டாள். நாத்தனாரோடு அவள் உப்பு, புளி தவிர வேறெதுவும் பேசி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அத்தை ஒரு விதைப் பாக்கெட் வாங்கிவந்தாள். பட்டாணியை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பின்வேலி ஓரம் புல்லைக் கொத்தி ஊன்றினாள். விரலால் குழி போடும் வேலை எனக்கு. அன்று அப்பா மறுபடி பேச்சை ஆரம்பித்தார்.

"விதை போட்டிருக்கேண்ணா. காய் பறிச்சுட்டுப் போறேன்" என்றாள் அத்தை.

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு கெடு கிடைத்த நிம்மதியில் கொடி ஏற மூங்கில் குச்சிகளை அவரே வாங்கிவந்தார்.

முளைத்ததையெல்லாம் குருவிகள் தின்றன. அத்தை மறுபடி ஊன்றி, மேலே வலை கட்டினாள். அதில் பாதியை நத்தைகள் தின்றன. நான் அழாத குறையாக நத்தைகளைப் பொறுக்கி வாளியில் போட்டேன். அத்தைக்கு வருத்தம் இருந்ததாகவே தெரியவில்லை.

கொடி என் உயரத்துக்கு ஏறி வெள்ளைப் பூ விட்ட சமயம் மாமா காரில் வந்து இறங்கினார். அப்பா டீ கொடுத்து உட்காரவைத்தார். அத்தை உள்ளே வராததால் மாமாவே தோட்டத்துக்குப் போய், ஊரே சிரிக்கிறது, கிளம்பு என்றார். அத்தை கொடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் காய்க்கலை."

"இந்தப் பட்டாணிக்காகவா என்னை இப்படி நிக்க வெக்கிறே?"

"ஆமா. பட்டாணிக்காகத்தான்."

நூலை முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா பூவைப் பார்த்தார். ஏதோ உதவி செய்வதாக எண்ணி, பூ காயாக இன்னும் நாளாகும் என்று நான் மாமாவுக்கு இங்கிலீஷில் விளக்கினேன். அவர் டீயைத் தொடாமலே போய்விட்டார்.

பட்டாணி காய்த்தது. கொடியருகிலேயே நின்று உரித்து உரித்துப் பச்சையாகத் தின்றோம். கொடி பழுக்க ஆரம்பித்தபோது, பக்கத்திலேயே இன்னொரு வரிசை முளைவிட்டிருந்தது. இது என்ன என்று அப்பா கேட்டார். அத்தை அந்த முளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு, "இதையும் பறிச்சுட்டுப் போறேண்ணா" என்றாள்.

அவள் ஹாமில்டனுக்குத் திரும்பிப் போகவே இல்லை. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்ததும் தனியாக வீடு எடுத்துக்கொண்டாள்.

அந்த இரண்டாவது வரிசையை ஊன்றியது அத்தை அல்ல. ஒரு காலை, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, அம்மா நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியோரம் குத்துக்காலிட்டு விதை போடுவதைப் பார்த்தேன். எதற்கு என்றேன். குருமாவுக்கு என்றாள். ஃப்ரீசரில் ஒரு பை நிறையப் பட்டாணி கிடக்கிறதே என்றேன்.

"கிடக்கட்டும். அப்பாகிட்ட சொல்லாதே."

ஃப்ரீசரில் இருப்பதை மறந்துவிட்ட வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்து, அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற நானும் கடைசிவரை சொல்லவில்லை.