அப்புத்தளையில் சுவிஸ் கடிகாரம்

மாலை மூன்று பத்துக்கு மகளின் தொலைபேசி அடங்கிப்போனது. கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் படிப்பிக்கிறாள். மண்சரிவு எச்சரிக்கை என்றதும் அவளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போக வந்து, அப்புத்தளை ரயில் நிலையத்தில் தனியே காத்திருக்கிறேன்.

சுவிஸில் இருக்கும் தம்பி தந்த கடிகாரத்தைக் கழற்றித் திருப்புகிறேன். கண்ணாடி முதுகுக்குள் சின்னச் சக்கரங்களின் அச்சுகள் சிவப்புக் கற்களில் சுழல்கின்றன. கை அசைந்தால் அரைவட்டத் தகடு சுற்றி உள்ளே சுருள்வில்லை முறுக்கும்.

“பட்டரி இல்லீங்களா?” என்கிறாள் வடை விற்கும் பெண்.

“இல்லை. கை ஆடினால் ஓடும்.”

“அப்ப இன்னைக்கு நிக்காதுங்க. உங்க கை அப்படி நடுங்குது.”

பனிமூட்டம் தண்டவாளத்தை மூடும் நேரத்தில் மகள் சேற்றுக் காலோடு வந்து நிற்கிறாள்.

“லயத்து வரிசை வீடுகளில இருந்த தோட்டச் சனம் எல்லாம் வீட்டை விட்டிட்டுப் பள்ளிக்கூடத்தில இருக்கினம், அப்பா. அவையளை விட்டிட்டு வரேலாது. நீங்கள் ரயில் ஏறுங்கோ.”