நாளைக்காரரும் கடைசித் தேதியும்

அந்தத் தெருவில் அவருடைய பெயரை யாரும் சொல்வதில்லை. நேரில் மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் நாளைக்காரர் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவர். வேலை படு சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. திங்கட்கிழமை தருகிறேன் என்றால் அந்தத் திங்கட்கிழமை எந்த மாதத்தில் வரும் என்று அவருக்கே தெரியாது. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த கோட்டு, மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்த பிறகு வந்து சேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. அதைக் கேட்டால் மாஸ்டருக்குக் கோபம் வரும். குழந்தை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது என்பார்.

இதில் அவருக்கு ஒரு தத்துவமும் இருந்தது. உலகத்தில் யாரும் உண்மையான தேதியைச் சொல்வதில்லை. பத்தாம் தேதி வேண்டும் என்று துணி கொடுப்பவனுக்கு உண்மையில் இருபதாம் தேதிதான் வேண்டும், பயத்தில் பத்து என்கிறான். ஊரே பொய் சொல்லும்போது தான் மட்டும் அரிச்சந்திரன் வேஷம் போட முடியுமா என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அவசரம் இருந்தது. கவுன்சிலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நடைபாதைக்கு இடைஞ்சல் என்று கவுன்சிலர் ஆள் வைத்து மாஸ்டர் கடையின் மூன்று படிகளை இடித்தார். நடைபாதை வந்ததா என்றால் அதுவும் வரவில்லை. கடை இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. இளவட்டங்கள் தாவி ஏறினார்கள். மற்றவர்கள் தெருவில் நிற்க, மாஸ்டர் டேப்போடு குதித்து இறங்கி அளவெடுத்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் நடுத்தெருவில் இரு கையையும் தூக்கிக்கொண்டு நின்றதையும், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்ததையும், அந்தச் சத்தத்துக்கு மேல் மாஸ்டர் இடுப்பளவைக் கத்திச் சொன்னதையும் அவருடைய மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதோடு தலைமையாசிரியர் ரெடிமேடுக்கு மாறிவிட்டார். அவர் பின்னாலேயே பாதிக் கூட்டம் போயிற்று. மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

தேர்தல் வந்தது. போன தடவை மயிரிழையில் தோற்ற பேக்கரிக்காரம்மா மறுபடியும் நின்றார். ஜெயித்தால் முதல் வேலை படிதான் என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தையல் கடை கட்சி ஆபீஸாகிவிட்டது. துணி கேட்டு வந்தவருக்குத் துணி கிடைக்காது, கவுன்சிலர் புராணம் கிடைக்கும். ஓர் ஆளை விடாமல் மனசை மாற்றித்தான் அனுப்பினார்.

வார்டு எல்லைகளை மாற்றிவிட்டதால் பழைய வாக்காளர் பட்டியல் செல்லாது, எல்லோரும் புதிதாகப் பதிய வேண்டும், பதினைந்தாம் தேதி கடைசி என்று நகரசபை நோட்டீஸ் ஒட்டியது. ஒட்டியதும் மாஸ்டர் கடைச் சுவரில்தான். அதே கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்கும் அவர் மனைவி முதல் நாளே போய்ப் பதிந்துவிட்டு, கணவருக்கும் ஒரு படிவம் வாங்கி, எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கொடுத்தார். மாஸ்டர் அதை வாங்கி மெஷின் மேல் வைத்தார்.

“பதினஞ்சுன்னு போட்டா முப்பதுன்னு அர்த்தம். கடைசித் தேதிக்கு அப்புறம் இன்னொரு கடைசித் தேதி இருக்கும். நான் பார்க்காத தேதியா?” என்றார்.

மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பதிவதைப் பற்றிக் கேட்ட எல்லோருக்கும் இதையே சொன்னார். இப்போது போனால் வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டும், இருபதுக்கு மேல் போனால் ஐந்து நிமிட வேலை என்று அக்கறையாக வேறு சொன்னார். எலக்ட்ரீஷியன், மருந்துக்கடைக்காரர், மாஸ்டரின் இரண்டு மச்சான்கள், மாடி வீட்டு நர்ஸம்மா குடும்பம் என்று பதினோரு பேர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். துணி விஷயத்தில் ஒரு நாளும் நம்பாத மனுஷரை இதில் மட்டும் எப்படி நம்பினார்கள் என்று கேட்கலாம். வீட்டிலேயே இருங்கள் என்று சொல்பவரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பதினெட்டாம் தேதி, எதற்கும் முடித்துவிடலாமே என்று மாஸ்டர் படிவத்தைத் தேடி எடுத்தார். அதன் பின்பக்கத்தில் ஒரு பேண்ட் அளவு இருந்தது. இடுப்பு முப்பத்தெட்டு, தொடை இருபத்தாறு. அவர் கையெழுத்துதான். எழுதத் துண்டுக் காகிதம் கிடைக்காத அவசரத்தில் எழுதியிருக்கிறார். அதையே மடித்து எடுத்துக்கொண்டு நகரசபை அலுவலகத்துக்கு நடந்தார். பதிவு அறையில் வரிசையே இல்லை. தான் சொன்னது சரியாகப் போயிற்று என்று அவருக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

குமாஸ்தா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்த முப்பத்தெட்டு குமாஸ்தாவின் இடுப்புதான்.

“பதினஞ்சோட முடிஞ்சிடுச்சு மாஸ்டர். பட்டியல் அச்சுக்குப் போயிடுச்சு,” என்றார்.

மாஸ்டர் வாதாடிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், பேண்டை நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றார். குமாஸ்தா அப்போதுதான் சிரித்தார்.

ஓட்டுப் போடும் நாளில் மனைவியோடு வாக்குச்சாவடி வாசல் வரை போய், வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். பேக்கரிக்காரம்மா ஒன்பது ஓட்டில் தோற்றார். பதினோரு பேரும் தானும் சேர்ந்தால் பன்னிரண்டு என்று கணக்குப் போட மாஸ்டருக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் கவுன்சிலரே கடைக்கு வந்தார். ஏற முடியாமல் தெருவில் நின்றபடி கையை நீட்டினார். மாஸ்டர் குனிந்து கை கொடுத்தார், வேறென்ன செய்வது.

“உங்க கடைக்கு வர்றவங்க பதினோரு பேரு பட்டியல்லயே இல்லண்ணே. விசாரிச்சா, இன்னும் நாள் இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்களாம். இந்த உதவிய மறக்க மாட்டேன். இத்தனை நாளா உங்கள எதிரின்னு நெனச்சிட்டேன், மன்னிச்சிடுங்க.”

இது கிண்டலா நிஜமா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. நிஜம்தான். கிண்டல் செய்யும் அளவுக்கு அந்த ஆளுக்கு மூளை கிடையாது. படியைப் பற்றி அவரும் பேசவில்லை, மாஸ்டருக்கும் கேட்க வாய் வரவில்லை.

அவர் போனதும் மாஸ்டர் மெஷினில் உட்கார்ந்து காலை மட்டும் வைத்தார், மிதிக்கவில்லை. தன்னால்தான் அவன் ஜெயித்தானா என்று மனைவியைக் கேட்டார். மனைவி பட்டனைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“அவரோட ஆளுங்க எல்லாரும் சம்பளம் வாங்கிட்டு உழைச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் சும்மா உழைச்சிருக்கீங்க,” என்றார்.